உன் உயரத்துச் சீட்

என் நெட்டைக்கொக்குக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம் என்று தொடங்குவதுதான் முறை, ஆனால் முக்கால்வாசி நலம் என்று எழுதுவதுதான் நியாயம், மீதிக் கால்வாசியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, நலமில்லை என்று எனக்கே தெரியும். போன ஞாயிறு வீடியோ போனில் பேசும்போது நீ ஒரு தடவைகூட உட்காரவில்லை. சமையலறைக்குப் போனாய், ஜன்னலோரம் போனாய், சுவரில் சாய்ந்துகொண்டாய், உன் பின்னால் நாற்காலி சும்மா கிடந்தது. ஏன்டி நின்றுகொண்டே இருக்கிறாய் என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லம்மா, புதுசா சைக்கிள் வாங்கியிருக்கேன், ஆபீசுக்கு அதுலதான் போறேன், சீட் உரசி உரசிப் புண்ணாயிடுச்சு என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன்னோடு தங்கியிருக்கிற பெண் அறைக்குள் வந்துவிட்டாள், நீயும் அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய், அன்று நானும் நின்றுகொண்டுதான் பேசினேன். காரணமும் அதேதான். சிரிக்காதே.

ஆமாம், உன் அம்மா சைக்கிள் ஓட்டுகிறாள். உன் சைக்கிளைத்தான். மழை விட்ட சமயத்தில் ஒரு நாள் நீ பேச்சோடு பேச்சாக, மாடிப்படிக்குக் கீழ நிக்கிற என் சைக்கிள யாருக்காவது குடுத்துடும்மா, சும்மா துருப்பிடிச்சுக் கெடக்குது என்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், எனக்குத்தான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கொடுத்துவிடு என்றால் இனி வந்து ஓட்டப் போவதில்லை என்றுதானே அர்த்தம் என்று அன்று முழுக்க மனசைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். சரி என்று சொல்ல வாய் வரவில்லை, முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாய். ஓட்டுகிற வண்டியை யாரும் சும்மா கிடக்கிறது என்று சொல்ல முடியாதே, அதனால் நானே ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். டயருக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, வாசல் படியில் காலை ஊன்றி ஏறி உட்கார்ந்தேன். சின்ன வயதில் ஓட்டியது, உடம்பு மறக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் மட்டும், என்னம்மா இந்த வயசுல சர்க்கஸா என்றார். உங்களுக்கு டிக்கெட் இலவசம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

முதலில் வேலைக்கு, மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகவர மட்டும்தான் எடுத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உன் போன் வந்து முடிந்ததும் ஏரிக்கரைச் சாலையில் போக ஆரம்பித்தேன். போவது நன்றாகத்தான் இருக்கிறது, திரும்புவதுதான் பிடிக்கவில்லை. பூட்டைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது, செருப்பு விட்ட இடத்திலேயே இருக்கிறது. அப்பா இருந்தவரைக்கும் இந்த வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருந்தது உண்டா சொல், அதற்காக எத்தனை நாள் கத்தியிருப்பேன். இப்போது கத்துவதற்கும் ஆள் இல்லை. அதனால் பாலம் வரை போய்த் திரும்பியவள் பம்ப் ஹவுஸ் வரை போனேன், பம்ப் ஹவுஸ் வரை போனவள் அதையும் தாண்டிப் போனேன். வீட்டுக்கு வரும் நேரத்தைத் தள்ளிப்போடத் தூரத்தைக் கூட்டினேன், அதற்கான கூலியை என் பின்பக்கம் வாங்கிக்கொண்டது.

தொடை இடுக்கில் முதலில் லேசான எரிச்சல்தான். சீட் கல் மாதிரி இருப்பதால்தான் என்று நினைத்து மெத்தென்று ஓர் உறை வாங்கி மாட்டினேன், அது புதைந்து நெளிந்து இன்னும் அதிகமாகத் தேய்த்தது. பவுடரை அள்ளிக் கொட்டினேன், வேர்வையில் அது மாவு மாதிரிக் கட்டி கட்டியாகி மணலாக அறுத்தது. உன் அலமாரியில் நீ விட்டுப்போன பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை இருந்தது, அதைப் போட்டு மேலே பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டேன். ஆனால் உள்ளே ஒன்றும் போடாமல் எப்படிப் போவது, மானம் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா, வழக்கம்போல உள்ளாடையும் போட்டுக்கொண்டுதான் அதைப் போட்டேன். ஏரியைச் சுற்றித் திரும்பி வந்தபோது உள்ளாடைத் தையல் இருந்த இடத்தில் அப்படியே கோடு போட்டாற்போலத் தோல் வழன்றிருந்தது. அதன் மேல் காயத்துக்குப் போடும் மருந்துத் தண்ணீரை ஊற்றினேன் பார், குளியலறையில் நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டார். எல்லாவற்றையும்விடக் கொடுமை, எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, சுவரைப் பிடித்துக் குனிந்து, எப்படித் திரும்பினாலும் என் நிழலே குறுக்கே விழுகிறது. கொஞ்சம் பார்த்துச் சொல்லேன் என்று கூப்பிட இந்த வீட்டில் ஒரு ஜீவன் இல்லை. அந்தக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டு அங்கேயே நின்று அழுதேன். புண்ணுக்காக அழுததாக நினைத்துக்கொள்ளாதே.

கடையிலும் நாள் முழுக்க நின்றே சமாளித்தேன். முதலாளி என்னக்கா, ஸ்டூல் சரியில்லையா, வேற வாங்கிடலாமா என்று கேட்டுவிட்டார், பாவம். அன்று மாலை நம் எதிர்க்கட்டடத்து நர்ஸ் தன் கண்ணாடியை வாங்கிக்கொள்ள வந்தாள், உனக்குத் தெரியாது, நீ போன பிறகு குடிவந்தவள், உன்னைவிடக் கொஞ்சம் பெரியவள். காதுப்பக்கம் அழுத்துதுக்கா என்றாள், நான் கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுத்தபோது நான் நிற்கிற கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், சைக்கிளா என்று ஒரே வார்த்தைதான் கேட்டாள். கண் பரிசோதனை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தாழிட்டாள். நான் சுவரிலிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தபடி புடவையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், அவள் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேன், இன்னும் எவ்வளவு நேரம் என்றேன், அவள் சிரித்துவிட்டாள். பிறகு புண்ணைச் சுற்றி விரலால் மெல்லத் தொட்டு, இங்க கெட்டியா இருக்கா, சூடா இருக்கா என்று பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ரொம்ப வலிக்குதாக்கா என்று கேட்டாள், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வலி அவ்வளவு இல்லை. ஒரு மனுஷி என்னைத் தொட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது, அதுதான்.

அவள் சொன்னதை உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன், காதில் வாங்கிக்கொள். பஞ்சு வைத்த கால்சட்டைக்கு உள்ளே ஒன்றும் போடக் கூடாதாம், அது தோலோடு தோலாக இருக்கத்தான் தைத்திருக்கிறார்களாம், மானம் அதற்குள்ளேயே பத்திரமாக இருக்குமாம். கிளம்புவதற்கு முன்னால் உரசுகிற இடத்தில் வாசலினோ அதற்கென்று விற்கிற க்ரீமோ தாராளமாகத் தடவு. போய்ச் சேர்ந்தவுடன் ஈரத்துணியோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, உடனே மாற்று. வாசனை சோப்பு வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிடு. இரவில் தளர்வான பருத்தித் துணி. ஒரு தடவை போட்ட கால்சட்டையைத் துவைக்காமல் மறுநாள் போடாதே. ஆறும்வரை வண்டியைத் தொடாதே, இதுதான் முக்கியம், நான் இதைச் செய்யாமல்தான் கெட்டேன். சீழ் வைத்தாலோ, சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, கட்டியாகத் திரண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டு. புண்ணுக்கு அவள் எழுதிக்கொடுத்தது என்ன தெரியுமா, குழந்தைகளுக்கு டயப்பர் போட்ட இடம் சிவந்தால் தடவுகிற அதே வெள்ளைக் களிம்பு. கைக்குழந்தையாக நீ காலை உதைத்துக்கொண்டு வீலென்று கத்தும்போது உனக்குத் தடவிய அதே களிம்பு, வாசனைகூட மாறவில்லை. மருந்துக் கடையில் மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டே நின்றேன். இன்றைக்கு உனக்குத் தடவ நான் பக்கத்தில் இல்லை, எனக்குத் தடவ நீ இல்லை, ஆளுக்கொரு மூலையில் நாமே துழாவித் தடவிக்கொள்கிறோம்.

இன்னொன்றும் சொன்னாள். அக்கா, நீங்க ஓட்டறத மாடியிலேந்து பாத்திருக்கேன், ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுது, சீட் உங்களுக்கு ரொம்ப உயரம், அத எறக்காம என்ன தடவினாலும் பிரயோஜனமில்ல என்றாள். எனக்குத் தெரியாதா என்ன? பெடல் கீழே போகும்போது எனக்கு எட்டாது, கால் நுனியால் துழாவிக்கொண்டு போவேன். சிக்னலில் நிற்க நடைபாதை ஓரம் தேடுவேன். திருகைத் தளர்த்தினால் இறங்கிவிடும், அது தெரியாமல் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் இன்னொருத்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூக்கு வலிக்கிறது என்பார்கள், போடுகிறவர் மூக்குக்கு வளைத்தால்தானே வலிக்காமல் இருக்கும் என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான். ஆனால் அந்தச் சீட் நீ கடைசியாக ஓட்டிவிட்டு நிறுத்திய உயரத்தில் இருந்தது. உன் அப்பாவைப் போல வளர்ந்த கால் உனக்கு. உன் துணியெல்லாம் துவைத்து மடித்தாகிவிட்டது, உன் கட்டிலில் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி கிடக்கிறது, இந்த வீட்டில் உன் அளவுக்கு நீயே வைத்துவிட்டுப் போனது என்று அது ஒன்றுதான் இருந்தது. அதை என் அளவுக்கு இறக்கிவிட்டால் நீ வர மாட்டாய் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். தோல் கிழிந்தாலும் கிழியட்டும் என்று அந்த உயரத்திலேயே ஓட்டினேன்.

புண் ஆறியதும் நேற்று சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இறக்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, உன் மேசை டிராயரில் இருந்த சிவப்பு நகப்பூச்சால் சீட்டுக் கம்பியில், அது குழாய்க்குள் நுழைகிற இடத்தில், ஒரு கோடு போட்டேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, உள்ள போனா உரசி அழிஞ்சிடும்மா என்றார். என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, அரத்தை எடுத்து அதே கோட்டின் மேல் மெல்ல ஒரு கீறல் போட்டார். இது அழியாது என்றார். பிறகு என்னை உட்காரவைத்து, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்குகிற அளவுக்கு இறக்கி முடுக்கினார். நீயும் உன் புதுச் சைக்கிளில் அப்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொள், கடைக்காரன் வைத்துக்கொடுத்த உயரத்திலேயே ஓட்டாதே. இப்போது எனக்கு இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறது. இன்று காலை கடைக்கு ஓட்டிப் போனேன், உரசவே இல்லை. உன் கீறல் குழாய்க்குள் போய்விட்டது, வெளியே தெரியாது. சீட்டைத் தூக்கினால் வெளியே வரும்.

நீ எப்போது வருகிறாய் என்று போனில் நான் கேட்பதில்லை, கேட்டால் உன் முகம் மாறிவிடுகிறது, அதைப் பார்த்துக்கொண்டு பாக்கி நாளை ஓட்ட முடியவில்லை. காகிதத்தில் உன் முகம் தெரியாது என்பதால் கேட்கிறேன், எப்போதடி வருகிறாய்? எனக்கு இங்கே தனியாகத்தான் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஓடி வா என்று சொல்லவில்லை, அந்தக் கீறல் வெளியே வருகிற அளவுக்கு நாலு நாள் வந்து இருந்துவிட்டுப் போ. வண்டியை யாருக்கும் கொடுக்கமாட்டேன், அதை இத்தோடு விட்டுவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரியில் விளக்கில்லாமல் ஓட்டாதே, களிம்பு பூசிய கையோடு கண்ணைக் கசக்காதே. நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நிறைந்த ஆயுசோடு இரு என் தங்கமே. ஞாயிறு போன் செய்யும்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசு. நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் உயரத்தை எட்டாத,
அம்மா