தனம் அக்காவின் சாம்பல் நிறக் கூடம்

என் உயிருக்கு உயிரான, என்னை மிகவும் நோகடித்த தனம் அக்காவுக்கு,

உன் கூடத்துக்குச் சாம்பல் நிறம் பூசியாகிவிட்டது. நீ ஆசைப்பட்டதுதான். நேற்றுச் சாயங்காலம் சுவர் முழுக்கக் காய்ந்து, மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து விழுந்தபோது பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நீ உயிரோடு இருந்து கேட்டிருந்தால் இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்காது.

நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். நீ ஐந்தாவது வரை போனாய். போகும்போது என் சிலேட்டையும் எடுத்துக்கொண்டு போனாய். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதை நான் மறக்கவில்லை. ஆகவே எழுத்து கோணலாக இருந்தால் உன்னால் பேச முடியாது.

பதினோரு வருஷமாக உன் கூடத்தில் நான் கால் வைக்கவில்லை. தியாகராய நகரில் இந்த வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சிய அன்று, மயிலாப்பூரிலிருந்து பொழுது விடியுமுன்பே வந்து கோலம் போட்டவள் நான். எல்லாரும் பட்டில் இருந்தார்கள். எனக்குப் பட்டு கிடையாது. சாம்பல் நிற நூல் புடவை, அரக்குக் கரை, புத்தம் புதுசு. கூடத்தில் ஐந்து பிரம்பு நாற்காலி போட்டிருந்தாய். நான் உட்காரக்கூட இல்லை; ஒன்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். நீ கிட்டே வந்து மெல்லச் சொன்னாய்: "செல்லம், கோட்டு போட்டவங்க எல்லாம் வர்றாங்க. நீ பின்னாடி போய்ப் பாயசத்தைப் பாத்துக்கோயேன்."

பார்த்துக்கொண்டேன். அடிகூடப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து பின்வாசல் வழியாக வருவேன், சமையற்கட்டில் உட்காருவேன், கூடத்து நிலைப்படியோடு நின்றுவிடுவேன். உள்ளே வா என்று நீ ஏழு முறை கூப்பிட்டாய். எண்ணி வைத்திருக்கிறேன். தப்புப் பண்ணிவிட்டேன் என்று அதில் ஒரு முறையாவது சொன்னாயா?

போன வருஷம் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதும் நான் நிலைப்படியில் நின்றுதான் அழுதேன். வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். என் அழுகை உனக்குக் கேட்டதா, அக்கா?

சரி, சேதிக்கு வருகிறேன். உன் மகள் வசந்தாவுக்கு வரன் அமைந்துவிட்டது. பையன் மேற்கு மாம்பலம், பள்ளிக்கூட வாத்தியார். கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்கிறான். நம் வீட்டில் அப்படி ஒருவர் வந்து நாளாகிறது. உன் வருஷத் திதி முடிந்த கையோடு வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அடுப்படியில் இருக்கும்போது வசந்தா என்னிடம் சொன்னாள்: "அம்மா இடத்துல நின்னு தட்டு மாத்த வேண்டியது நீங்கதான், சித்தி. கூடத்துலதான் மாத்துவாங்க, அடுப்பங்கரையில இல்ல."

பார்க்கலாம் என்றேன். அவள் கெஞ்சவில்லை. "நீங்க வரலைன்னா அந்த எடம் காலியாவே இருக்கட்டும். வேற யாரையும் நிக்க வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உன் வாய்தான் அவளுக்கும்.

அதற்கு முன்னால் கூடத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. யுத்தத்தின்போது வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தைப் பாதி சுரண்டிப் பாதி விட்டுவைத்திருந்தீர்கள். சுவரில் பழைய மஞ்சள் பொரிந்து உதிர்ந்தது. சுண்ணாம்பு அடிக்க உங்கள் முனுசாமிதான் வந்தான். அம்மா சாம்பல் கலர்தான் சொல்லியிருந்தார்கள் என்றான்.

உன் வீட்டுக்காரர் தயங்கினார். நல்ல காரியம் நடக்கப்போகிற வீட்டில் சுவருக்குச் சாம்பலா, சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள், வெள்ளையே போதும் என்று இழுத்தார். நான் நிலைப்படியில் நின்றபடி கேட்டேன்: "நெத்தியில பூசினா விபூதி, சுவத்துல பூசினா மட்டும் சாம்பலா, மாமா?" அவர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். உனக்காகப் பேசினேன் என்று நினைக்காதே. உன்னைக் குறை சொல்ல நான் ஒருத்தி இருக்கிறேன். வேறு யாரும் சொல்ல வேண்டாம்.

முனுசாமி கடையில் வாங்கி வந்த கறுப்புப் பொடி சுண்ணாம்போடு சேரவில்லை. மேலாக மிதந்தது, அடித்தால் கோடு கோடாக இறங்கியது. நான் கொட்டாங்கச்சியைச் சுட்டுக் கரியாக்கி, கஞ்சி விட்டு, உன் ஆட்டுக்கல்லில் மை மாதிரி அரைத்துக் கொடுத்தேன். கல்லை நன்றாகக் கழுவினதாகத்தான் நினைத்தேன். அடுத்த மூன்று நாளும் உன் வீட்டில் இட்லி சாம்பல் நிறம். மாமா ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, சுவருக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். நீ போன பிறகு அந்த மனுஷர் வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசினது அன்றைக்குத்தான்.

நிறம்தான் பிடிபடவில்லை. நான் நிலைப்படியில் நின்று சொல்லச் சொல்ல முனுசாமி ஒரு மூலையில் அடித்துக் காட்டினான். அப்புறம் இடுப்பிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்தான். "படுக்கைல வுழறதுக்கு முன்னாடியே அம்மா இத்த குட்து வெச்சாங்கம்மா. இந்தக் கலரு வரணும்னாங்க" என்று சுவரில் வைத்துக் காட்டினான்.

அரக்குக் கரை, அக்கா. என் புடவை.

பால் காய்ச்சிய அந்த ஒரு நாளுக்குப் பிறகு அதை நான் உடுத்தவே இல்லை. உன் சின்னவன் பாலு பிறந்தபோது, தூளி கட்டிக்கொள் என்று மடித்து அனுப்பினேன். பார்க்கும்போதெல்லாம் உனக்குச் சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். நீ ஒன்றும் கேட்காமல் தூளி கட்டினாய். பிள்ளை வளர்ந்த பிறகும் ஒரு துண்டை ஏன் வைத்திருந்தாய்? துணி நன்றாக இருந்தது என்றா? என்னிடம் சொல்ல வாய் வராததை நாலு சுவருக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாயா?

அந்தத் துண்டு துவைத்துத் துவைத்து வெளுத்துப்போயிருந்தது. அன்றைக்கு இருந்த நிறம் அது இல்லை. அன்றைக்கு இருந்த நிறம் எனக்குத்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் கரி, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முனுசாமி சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைக் கீழே வைத்துவிட்டான். "அங்கயே நின்னுகினு கரி போடு, கரி போடுன்னா எப்டிம்மா? ஈரத்துல கறுப்பாத்தான் கீது. கிட்ட வந்து காஞ்ச எடத்தப் பாரு."

போய்ப் பார்த்தேன். காய்ந்த இடத்தைக் கையால் தடவினேன். துண்டை வைத்தேன், எடுத்தேன். "இதான். இதுக்கு மேல ஒரு சிட்டிகை வேணாம்" என்றேன். அப்போதுதான் காலுக்கடியில் சில்லென்று இருந்தது. உன் சிவப்புத் தரை. திரும்பிப் பார்த்தால் நிலைப்படி எட்டடி தள்ளி இருக்கிறது. அங்கே வசந்தா கையில் காப்பி டம்ளரோடு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் அவளுக்கு உன்னிடமிருந்து வரவில்லை.

வந்தது வந்தாகிவிட்டது, இனி என் இஷ்டம் என்று கூடத்தையே மாற்றிவிட்டேன். வெந்நீர் ஊற்றிக் கறுப்புக் காகிதத்தை முழுக்க எடுத்தேன். ஜன்னல் கதவுக்குப் பச்சை வர்ணம். சாம்பல் சுவருக்கும் சிவப்புத் தரைக்கும் அது எடுப்பாக இருக்கிறது. நடுவில் பெரிய ஜமக்காளம். சம்பந்தி வீட்டாரும் நாமும் ஒரே மட்டத்தில் உட்காருவோம். உன் படத்தைக் கிழக்குச் சுவரில் மாட்டினேன், சமையற்கட்டிலிருந்து வருகிறவர்களை நீ நேராகப் பார்க்கும்படி.

உன் ஐந்து நாற்காலியில் இரண்டைத் தெருவாசல் பக்கமிருந்து எடுத்து, நான் நின்றுகொண்டிருந்த பின்கட்டு நிலைப்படிக்கு உள்பக்கம் போட்டிருக்கிறேன். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருகிறவள் முதலில் உட்காரட்டும். இடம் மாறிக் கிடக்கிறது என்று மாமா சொன்னார். இல்லை, இப்போதுதான் இடத்துக்கு வந்திருக்கிறது என்றேன். வசந்தா கல்யாணமாகிப் போனாலும், நான் இருக்கிற வரைக்கும் அந்த இரண்டையும் யாரும் நகர்த்த முடியாது. இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் எண்ணாதே. சிலேட்டு பாக்கி இருக்கிறது. ஆனால் அந்தத் துணித் துண்டை, நீ எட்டாவது முறை கூப்பிட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை முன்வாசல் வழியாக வருவேன். உன் இடத்தில் நின்று தட்டு மாற்றுவேன். பாயசத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்,
செல்லம்