பதினான்கு விநாடி

மார்ச் 4

காலில் மாவுக்கட்டுப் போட்டு இருபத்து மூன்று நாள். உள்ளே அரிக்கிறது. இரும்பு அடிக்கோலை விட்டுச் சொறிகிறேன் – பொறியியல் பட்டத்தால் வீட்டில் இதுவரை கிடைத்த ஒரே பயன்.

என் வக்கீல் வந்தார். கார்க்காரர்மேல் நஷ்டஈட்டு வழக்கு.

“தம்பி, நீங்க கடக்கும்போது பச்சை எரிஞ்சுதுன்னு சொல்லிடுங்க. கதை முடிஞ்சது.”

“எரியல சார். சிவப்பு விழுந்து மூணு விநாடி ஆச்சு.”

“யாரு பார்த்தா?”

“சிக்னல் கேமரா. பதிவு முப்பது நாள் இருக்கும். அதுக்குள்ள எடுத்து வைக்கலேன்னா தானா அழிஞ்சிடும்.”

“யாரு எடுத்து வைப்பா?”

“நான்தான்.”

அவர் என்னை இத்தனை அன்பாகப் பார்த்ததே இல்லை. “நீங்கதான் மெடிக்கல் லீவுல இருக்கீங்களே. நல்லா ரெஸ்ட் எடுங்க தம்பி.”

மார்ச் 5

சிக்னல்களுக்கு நேரம் வைப்பது என் வேலை. அந்தச் சாலை பதினாறு மீட்டர் அகலம். நடப்பவர்களுக்கு முன்பு இருபத்திரண்டு விநாடி இருந்தது. வண்டிகள் தேங்குகின்றன என்று புகார் வர, நானே நடந்து பார்த்தேன்: பதினொன்று. தாராளமாக மூன்றைச் சேர்த்துப் பதினான்கு ஆக்கினேன். மேலதிகாரி கூட்டத்தில் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

விபத்து நடந்த அன்று அக்காவைச் செக்கப்புக்குக் கூட்டிப்போனேன். எட்டாம் மாதம். வழக்கம்போல முன்னால் போய்விட்டேன். எதிர்ப்புறம் ஏறித் திரும்பினால், அவள் நட்டநடுச் சாலையில். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சிவப்பு. கார் கிளம்பிவிட்டது; இடித்தது என்னை. அவளுக்குக் கீறல்கூட இல்லை.

மார்ச் 6

பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். அதைக்கூட என்னால் ஒழுங்காகச் செய்ய முடியாதா?

மார்ச் 8

அக்கா மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள்.

“ஏன்டா, பதினாலு விநாடி போதும்னு எவன்டா கண்டுபிடிச்சான்?”

“நான்தான்.”

“நடந்து பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“வயித்துல தலையணையைக் கட்டிக்கிட்டுப் பார்த்தியா, எருமை?”

மார்ச் 10

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரனுக்குப் போன் செய்து, பதிவை எடுத்து வைக்கச் சொன்னேன்.

“உனக்கு அடிபட்டது கால்லயா, தலையிலயா?” என்றான்.

செப்டம்பர் 17

கோர்ட். கார்க்காரரின் வக்கீல் பதிவைப் போட்டுக் காட்டினார். பிறகு அந்த சிக்னலுக்கு நேரம் குறித்த படிவத்தை நீட்டினார். ‘நடந்து பார்த்தவர்’ என்ற இடத்தில் என் கையெழுத்து.

“பதினாலு போதும்னா நீங்க ஏன் நடு ரோட்ல நின்னீங்க? போதாதுன்னா ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

அருமையான கேள்வி. நான் என்னையே கேட்டிருக்க வேண்டியது.

“எனக்குப் போதும் சார். நான் என்னை மட்டும்தான் அளந்தேன்.”

என் வக்கீல் மேசைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தார். பின்வரிசையில் அக்காவின் குழந்தை வீரிட்டது. கோர்ட்டில் என் பக்கம் பேசிய ஒரே ஆள்.

டிசம்பர் 3

தீர்ப்பு. “விளக்கு மாறினா ரோட்ல இருக்கிற ஆள் மறைஞ்சு போயிடுவாரா?” என்று நீதிபதி கார்க்காரரைக் கேட்டார். எண்பது சதவீதம் அவர் தவறு. இருபது என்னுடையது.

“வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நூறும் அவன் தலையில” என்றார் என் வக்கீல்.

இருபது. படிக்கும்போதுகூட இவ்வளவு குறைவாக வாங்கியதில்லை. ஆனால் கொஞ்சம் இரக்கம் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 9

புதுப் படிவம். நடந்து பார்த்தவர்: அக்கா, இடுப்பில் குழந்தை, தோளில் பை. இருபத்தொரு விநாடி. இருபத்தைந்து என்று எழுதினேன். இந்த முறை மேலதிகாரி யாரையும் கைதட்டச் சொல்லவில்லை.

ஜனவரி 22

முழங்கால் இன்னும் சரியாக மடங்கவில்லை. டாக்ஸியில்தான் ஆபீஸ். அதே சிக்னலில் நின்றோம். டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“எந்த முட்டாப்பய சார் இதுக்கு டைம் வெச்சான்? உட்கார வெச்சே சாகடிக்கிறான்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊன்றுகோலோடு ஒருவர் கடந்துகொண்டிருந்தார். எண்ணினேன். இருபத்து மூன்றில் நடைபாதையில் ஏறினார்.

டிரைவரின் கை கியருக்குப் போனது.

“இருங்க,” என்றேன். “இன்னும் ரெண்டு இருக்கு.”