தெர்மாகோல் எரிமலைக்கு முதல் பரிசு

என் பிரியமுள்ள மதினிக்கு,

நீங்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனதை நம் பள்ளிக்கூடத்தில் கடைசியில் செய்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு அறிவியலுக்கு அரையாண்டுப் பரீட்சை இல்லை. பிள்ளைகளே ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்து வர வேண்டும் என்று அறிவித்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் எல்லாருக்கும் லட்டு கொடுத்திருப்பீர்கள். பிறகு நடந்ததைப் பார்க்க நீங்கள் இல்லாததே நல்லது.

சாத்தூர் பஜாரில் ஒரு கடைக்காரர் ‘புராஜெக்ட் ரெடி’ என்று போர்டு மாட்டிவிட்டார். பாதி வகுப்பு தெர்மாகோல் எரிமலையோடு வந்தது. ஒரு பையனிடம், “ஏலே, எரிமலையப் பத்தி நீ என்ன கேள்வி கேட்டே?” என்றேன்.

“கேள்வி அப்பாதான் கேட்டாக டீச்சர், எம்புட்டுன்னு.”

சிரிக்கவா, தலையில் அடித்துக்கொள்ளவா?

முத்துமாரி மட்டும் வேறு. அவள் அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் அலுமினியத் தூளோடு வேலை. கையில் ஏறிய வெள்ளி நிறம் லீவு நாளில்கூடப் போகாது. அதனாலேயே கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார மாட்டாராம். எதைப் போட்டுக் கழுவினால் போகும்? இதுதான் அவள் கேள்வி. சோப்பு, புளி, கடலை மாவு, தேங்காய் எண்ணெய் என்று தெருப் பெண்களின் கைகளில் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். எண்ணெயில் ஊறவிட்டுப் பிறகு மாவு போட்டால் பெரும்பாலும் போகிறது, நகக்கண்ணில் மட்டும் போகவில்லை, ஏனென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதிய பிள்ளையை நம் பள்ளியில் பார்த்திருக்கிறீர்களா?

கண்காட்சிக்கு வந்த நடுவர் கேட்டார்: “மாடல் எங்கம்மா?”

“மாடல் இல்ல சார். எங்க அம்மா வந்திருக்காக.”

அந்த அம்மா முந்தானைக்குள் மறைத்திருந்த கைகளை மேசைமேல் நீட்டினார். ஒன்று கழுவியது, ஒன்று கழுவாதது. நடுவர் “சரி, சரி” என்று நகர்ந்துவிட்டார். முதல் பரிசு எரிமலைக்கு!

தலைமை ஆசிரியரிடம் போய்ச் சண்டை போட்டேன். நானா என்று கேட்காதீர்கள். நமக்காகச் சத்தம் போட நீங்கள் இல்லையே.

“இதெல்லாம் சரிப்படாது டீச்சர். அடுத்த வருசம் பரீட்சையே வச்சிருவோம்,” என்றார். கடையில் வாங்கியதற்குப் பரிசு கொடுத்தது நாம். தண்டனை மட்டும் ஆராய்ச்சிக்கா? யாரிடம் சொல்லி அழ?

அண்ணன் நலம். தினமும் உங்கள் படத்துக்குப் பூ வைக்கிறார். உங்கள் ஸ்கூட்டரை விற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்.

சண்டை போட்ட மறுநாள் பள்ளி விடும் நேரம் வாசலில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. உள்ளே வேலை முடிந்து திரும்பும் பெண்கள். “டீச்சர், முத்துமாரி எங்கன இருக்கா? மொதல்ல எண்ணெயா, மாவான்னு கேக்கணும்,” என்றார் ஒருவர். அவள் ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சொல்ல ஆரம்பித்தாள். அத்தனை கைகளும் அவள் முன்னால் நீண்டன.

தலைமை ஆசிரியரைக் கூட்டிவந்து நிறுத்தினேன். அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, “இந்த ஆராய்ச்சிய ஒங்க வகுப்புக்கு மட்டும் வச்சுக்கோங்க. ஆனா எல்லாம் பள்ளிக்கூடத்துலயே செய்யணும்,” என்றார்.

ஒரே ஒரு வகுப்பு! மற்ற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? விட மாட்டேன், மதினி. ஒவ்வொரு வருடமும் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் இன்னொரு வகுப்பைக் கேட்டு வாங்குவேன். என் குரல் கட்டிப்போனாலும் சரி.

சத்தம் போடக் கற்றுக்கொண்டுவிட்ட,
உங்கள் நாத்தனார்
ஜெயந்தி