பூட்டிய லேபில் முப்பத்தொரு மணி நேரம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அந்தக் குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, நாள் முழுக்க பஸ்ஸில் கிளட்ச் மிதிக்கிறவருக்கு அதுகூட இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். உன் தங்கை பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள். நானும் சுகம்தான். மூன்று தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், காகிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

போன மாதம் இரண்டு நாள் நான் ஃபோனை எடுக்கவில்லை என்று நீ பதறிப்போனாய். ஃபோன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். அது பொய். ஃபோன் லேபின் வெளி அறை அலமாரியில் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் அதன் பக்கத்தில் இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். வாய் வரை வந்தது, ஆனால் அங்கே மழை பெய்கிறதா என்றுதான் கேட்டேன். எழுதினால் நீ நடுவில் குறுக்கே பேசமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ஒரு போலீஸ்காரர் பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குள் ஒரு பார்சலை வைத்து எங்கள் லேபுக்குக் கொண்டுவந்தார். தபால் பிரிக்கிற இடத்தில் ஈரமாகக் கிடந்ததாம், ஏதோ மருந்து போலிருக்கிறது, சோதித்துச் சொல்லுங்கள் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்களிடம் போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த சின்னவள் ஒருத்தி இருக்கிறாள், ஐந்து மாதக் குழந்தைக்காரி. அவள்தான் மேல் உறையைப் பிரித்தாள், நான் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எட்டுக் குப்பிகள், ஒன்று விரிசல் விட்டுச் சுற்றியிருந்த பஞ்செல்லாம் நனைந்திருந்தது. கூட ஒரு காகிதம். மரபணு மாற்றப்பட்டது என்ற வரி மட்டும் படிக்க முடிந்தது, எந்தக் கிருமி என்று எழுதியிருந்த இடத்தில் மை ஓடிப்போயிருந்தது. அனுப்பியவர் முகவரி அரைகுறை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பிடித்து என்ன பிரயோஜனம், அதற்கு முன்னால் இழுத்த மூச்சு உள்ளே போயாயிற்று.

இப்போதெல்லாம் கிருமியை வேண்டியபடி மாற்றித் தபாலில் வரவழைக்க முடிகிறது. நல்லதுக்குச் செய்கிறவர்கள்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர். மிச்சம் இருக்கிற ஒருவருக்காகத்தான் அரசாங்கம் ஒரு கையேடு போட்டு எல்லா லேபுக்கும் அனுப்பியது. போன வருஷம் அதை வைத்து ஒத்திகைகூட நடத்தினார்கள். பேனர் கட்டி, ஒரு காலி டப்பாவை மேசைமேல் வைத்து, இருபது நிமிடத்தில் ஆபத்தை முடித்துவிட்டு டீ குடித்தோம், குழுவாக நின்று படமும் எடுத்தார்கள். அந்தக் கையேட்டை இப்போது எடுத்தேன். பின்னட்டையில் மூன்று ஃபோன் நம்பர் இருந்தது, லேப் ஃபோனிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். முதல் நம்பர்க்காரர் மாற்றலாகிப் போய் ஒரு வருஷமாம். இரண்டாவது உபயோகத்தில் இல்லை. மூன்றாவதை எடுத்தவர் ஒரு தையல்கடைக்காரர், நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே துணி வெள்ளிக்கிழமைதான் ரெடியாகும்மா என்றார். சின்னவள் அப்போது சிரித்தாள், அதுதான் அவள் அன்று கடைசியாகச் சிரித்தது. சுகாதாரத் துறையில் கேட்டால் மரபணு விஷயமெல்லாம் சுற்றுச்சூழல் துறை என்றார்கள், அவர்கள் தபாலில் வந்ததென்றால் சுங்கத்துறை என்றார்கள், சுங்கத்துறை எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது போலீஸைக் கேளுங்கள் என்றது, போலீஸில் லேப் நீங்கள்தானே, எங்களைக் கேட்டால் எப்படி என்றார்கள். சுற்றிச் சுற்றி எங்களிடமே வந்து நின்றது. எங்கள் அதிகாரி மதியம் வந்தார். காரை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயிருந்தே ஃபோனில் பேசினார். "நம்ம லேபுக்கெல்லாம் வராதுன்னு நெனச்சோம் மேடம், கையேட்டுல இருக்கிறபடி நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்றார். எட்டாம் பக்கத்தில் இருந்தது இதுதான்: என்னவென்று தெரியும்வரை தொட்டவர் யாரும் வெளியே போகக்கூடாது, இடத்தில் இருப்பவர்களில் மூத்தவர் பொறுப்பு. மூத்தவர் நான்தான். கதவைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். காற்றை வடிகட்டி வெளியே தள்ளுகிற ஃபேன் ஓடி இரண்டு வருஷமாகிறது, ஐந்து கடிதம் எழுதியிருக்கிறேன், அதனால் கதவு இடுக்கில் கிருமியைக் கொல்லும் மருந்து நீரில் நனைத்த துண்டைச் சுருட்டி அடைத்தேன். விரிசல் விட்ட குப்பியின் மாதிரியைப் பத்திரமாக அடைத்து, தலைமை ஆய்வகத்துக்கு அனுப்ப வெளி ஜன்னலில் வைத்தேன். அனுமதிச் சீட்டு இல்லாமல் வண்டி எடுக்கமாட்டேன் என்றார் டிரைவர், அவரையும் குறை சொல்ல முடியாது. சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஒரு கருத்தரங்கில் இருந்தார். எதைப் பற்றிய கருத்தரங்கு என்று நான் கேட்கவில்லை. வண்டி கிளம்பும்போது மாலை நாலு மணி.

பயம் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, நெஞ்சு அப்படி இருந்தது. செத்துப்போவோமா என்று நினைத்துப் பார்த்தேன், கொடியில் காயப்போட்ட துணியை யார் எடுப்பார்கள் என்றுதான் தோன்றியது. அன்று மதியம் மூன்று மணிக்கே சின்னவளின் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். குழந்தை பாட்டில் பாலை வாயில் வைக்கமாட்டேன் என்கிறதாம். அழுகை எங்கள் ஜன்னல் வரை கேட்டது. "கைய நல்லா தேச்சுக் கழுவிட்டேன் அக்கா, ஒரே ஒரு தடவை குடுத்துட்டு ஓடி வந்துடறேன்" என்றாள். முடியாதும்மா என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை, என் கோட்டுப் பைக்குக் கையைக் கொண்டுவந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பெரியவனே, உன்னையோ உன் தங்கையையோ நான் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை, என் விரல் தடம் அதில் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மாரில் பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் தொட்டியில் குனிந்து பாலைப் பீய்ச்சினாள், நான் பின்னாலேயே மருந்து நீரை ஊற்றிக் கழுவினேன். அவள் முகத்தைப் பார்க்காமலிருக்கச் சுவரில் பதித்த ஓடுகளை எண்ணினேன், நூற்றுப்பன்னிரண்டு. அப்பா எதிர்ச் சாரியில் மருந்துக்கடை ஓரம் காக்கிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அவரிடம் ஸ்டாக் சரிபார்ப்பு என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள், முப்பது வருஷமாகக் கூட இருக்கிறவரிடம் யார் சொன்னால்தான் நம்புவார். கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். மறுநாள் காலையிலும் அதே இடத்தில் நின்றார்.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தலைமை ஆய்வகத்திலிருந்து ஃபோன் வந்தது. ஈஸ்ட். ரொட்டியைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட், இருட்டில் மினுமினுக்கும்படி மாற்றியிருக்கிறார்கள். யாரோ கல்லூரி மாணவன் தன் வாடகை அறையில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டு வரவழைத்திருக்கிறான், யாருக்கும் ஒன்றும் செய்யாது. நான் பூட்டைத் திறந்தேன். சின்னவள் பையைக்கூட எடுக்காமல் போனாள். வீட்டுக்கு வந்தேன், சோறு கொஞ்சம் குழைஞ்சு போச்சு, பரவாயில்லியா என்று மட்டும் அப்பா கேட்டார். சாப்பிட்டேன். குழைந்திருந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அந்த வாரம் பூராவும் அப்படித்தான். உன் தங்கை டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள், நான் பாதி டம்ளர் குடித்துவிட்டேன், அவள் ஒரு வாய் குடித்துத் துப்பிய பிறகுதான் தெரிந்தது. பயப்படாதே, டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், கொஞ்ச நாளில் சரியாகும் என்கிறார்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. உடனடியாகவும் சிறப்பாகவும் கையாளப்பட்டது, தயார்நிலை திருப்திகரம் என்று அச்சடித்து, கீழே என் பெயருக்கு நேரே இடம் விட்டிருந்தார்கள். "ஒரு கையெழுத்து போட்டுடுங்க மேடம், அதான் ஒண்ணும் ஆகலையே" என்றார் அதிகாரி. ஈஸ்ட் நல்லவிதமா நடந்துக்கிச்சு சார், நாம நடந்துக்கல என்றேன். பிறகு கையெழுத்துக்கு மேலே இருந்த காலி இடத்தில் எழுதினேன். ஃபேன் ஓடவில்லை. மூன்று நம்பரில் ஒன்றும் உதவவில்லை. வண்டி கிளம்ப ஆறு மணி நேரம் ஆனது. பார்சலைக் கையில் எடுத்துவந்த போலீஸ்காரரை யாரும் தேடவே இல்லை, அவர் அன்று மாலை ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி முப்பத்தொரு மணி நேரம் அடைபட்டிருந்தாள், அதில் பாதிப் பகல் ஒரு கையெழுத்துக்காக. இவ்வளவும் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோப்பை மூடினார். தாள் இப்போது மேலே எங்கேயோ இருக்கிறது. இரண்டு பேர் வந்து ஃபேனை அளவெடுத்துக்கொண்டு போனார்கள். என்னை அடுத்த மாதத்திலிருந்து மருந்துக் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள், வீட்டுக்குப் பக்கம்தான், நடந்தே போய்விடலாம், அதற்காக நீ யாருக்கும் ஃபோன் செய்ய வேண்டாம்.

சின்னவள் லீவு முடிந்து போன வாரம் வந்தாள். பால் வற்றிவிட்டதாம், குழந்தை பாட்டிலுக்குப் பழகிவிட்டதாம், இதை என்னிடம் சொல்லவில்லை, இன்னொருத்தியிடம் சொல்லும்போது காதில் விழுந்தது. மூன்று நாள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் என் மேசைக்கு வந்து நின்று, "உங்க பையன் கைக்குழந்தையா கேட்டுல அழுதிருந்தா நீங்க போயிருப்பீங்களா அக்கா" என்று கேட்டாள். போயிருக்க மாட்டேன் என்றேன். அப்ப சரி என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று சொன்னதா, நிஜமா என்று நாலு நாளாக யோசிக்கிறேன். நிஜம்தான். நீ அழுதிருந்தாலும் நான் கதவைத் திறந்திருக்க மாட்டேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இந்த இடத்தில் எழுத்து கோணலாக இருந்தால், கை நடுங்குகிறது, ஒரு மாதத்தில் இப்போதுதான் நடுங்குகிறது.

பல் வலி என்றாயே, மாத்திரையைப் போட்டுத் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டு. மருமகளை நான் விசாரித்ததாகச் சொல். எந்தக் குறையும் உங்களை அண்டாமல், இருவரும் ஒருவருக்கொருவர் துணையாய் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா