திருப்பிப் போட்ட பேட்டரிக் கட்டை

மச்சான்,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் ஒரு நெடி வந்தது. துருவும் இல்லை, பாச்சை உருண்டையும் இல்லை. மூக்கின் அடியில் புளிக்கிற நெடி. என் தங்கை மகள் கல்யாணத்துக்கு உடுத்தப் பட்டுச்சேலை எடுக்கத்தான் திறந்தேன். துணிகளுக்கு அடியில் உங்கள் டார்ச் லைட் கிடந்தது. மூடியோரம் வெள்ளையாகப் பூத்து, சேலைக் கரையைக் கையகலத்துக்கு அரித்துத் தின்றிருந்தது. உள்ளே கிடந்த பேட்டரிக் கட்டைகள் ஒழுகிவிட்டன. நீங்கள் இருந்தால் பட்டுக்காக வருத்தப்பட்டிருக்க மாட்டீர்கள். கட்டையைக் கழற்றாமல் பெட்டியில் வைத்த புண்ணியவதி யார் என்று வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்திருப்பீர்கள்.

வைத்தவள் நான்தான். கழற்றப் பயந்து அப்படியே வைத்தேன்.

கட்டை விஷயத்தில் உங்களைப் போல ஒரு கஞ்சனை நான் பார்த்ததில்லை. பாம்பனுக்கும் ஏர்வாடிக்கும் வள்ளத்தில் சரக்குக் கொண்டுபோய்ச் சம்பாதித்ததை வருகிற விருந்தாளிக்கெல்லாம் அள்ளி வைப்பீர்கள். இரண்டு கட்டை வாங்குவதற்குள் மட்டும் கடைக்காரரின் உயிரை எடுத்துவிடுவீர்கள். "வெயில் படுற கண்ணாடிப் பொட்டியில கெடக்கிறது வேணாம். உள்ள இருக்கிற புதுப் பொட்டிய ஒடைங்க" என்பீர்கள். எந்த மாதம் செய்தது என்று பார்ப்பீர்கள். அடிப்பக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்து, கொஞ்சம் நெகிழ்ந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். ஒருமுறை நானும் கூட வந்து, வெட்கத்தில் துப்பட்டிக்குள் முகத்தை இழுத்துக்கொண்டு நின்றேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நீங்கள் இவ்வளவு பார்த்திருக்க மாட்டீர்கள் என்றார் கடைக்காரர். நீங்கள் மறுக்கவில்லை.

வாங்கிய பிறகாவது விட்டீர்களா? புதுசோடு பழசைச் சேர்க்கக் கூடாது. "ஒண்ணு ஓஞ்சா ரெண்டையும் மாத்தணும் புள்ள. ஓஞ்சது மத்ததையும் உறிஞ்சிரும்." ஓய்ந்ததையும் தூக்கி எறிய விடமாட்டீர்கள். கொழும்பில் வேலை பார்த்துத் திரும்பிய உங்கள் தம்பி ஒரு ட்ரான்சிஸ்டர் கொண்டுவந்திருந்தார். டார்ச்சில் மங்கிப்போன கட்டைகள் அதற்குப் போகும். அதில் இன்னும் கொஞ்ச காலம் பாடும். பக்கத்து வீட்டார் பழைய கட்டைகளைக் கூரைமேல் வெயிலுக்கு வைத்தால், "இன்னைக்கு எரியும், நாளைக்கு ஒழுகும்" என்று முணுமுணுப்பீர்கள். வழி நடக்கும்போது விளக்கைத் தொடர்ந்து எரியவிட மாட்டீர்கள். ஒரு மினுக்கு, பத்தடி இருட்டு, மறுபடி ஒரு மினுக்கு. பின்னால் வந்த நான் தடுக்கி விழுந்ததுதான் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. டார்ச்சைப் பையில் வைக்குமுன் மூடியைத் திருகி, பின்கட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடுவீர்கள். பையில் உரசிப் பொத்தான் தானாக நகர்ந்தாலும் விளக்கு எரியாது, கட்டை வீணாகாது. ஒரு மழைநாளில், பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்ன பிறகு, கொல்லையில் ஆடு கத்துகிறதே என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். பொத்தானைத் தள்ளு தள்ளென்று தள்ளியும் எரியவில்லை. கல்லில் இடித்துக் கால் நகம் பெயர்ந்தது.

"அவசரத்துக்கு எடுத்தா எரியாத வெளக்கு எதுக்கு மச்சான்?" என்று கத்தினேன்.

நீங்கள் என் விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே சிரித்தீர்கள். "திருப்பிப் போட எம்புட்டு நேரம் ஆகும் புள்ள? கண்ண மூடித் தொறக்கிற நேரம். அதுகூடவா கெடைக்காமப் போயிரும்?"

அந்த ஐப்பசியில் பாம்பனிலிருந்து ஊர் திரும்பத் தனியாக வள்ளத்தை எடுத்தீர்கள். மதியத்துக்கு மேல் காற்று மாறியது. இருட்டத் தொடங்கிய நேரத்தில், கரையில் காத்து நின்ற உங்கள் தம்பி மணல்திட்டுக்கு அப்பால் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தார். விட்டு விட்டு மினுக்கியது. "அண்ணந்தான். கட்டைய மிச்சம் புடிச்சுக் காட்டுறாக" என்று சொல்லிக்கொண்டே வள்ளத்தைத் தள்ள ஓடினார். அலை ஆள் உயரத்துக்கு மேல் எழுந்துகொண்டிருந்தது. போனால் நீயும் திரும்ப மாட்டாய் என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவரும் நின்றுவிட்டார். வெளிச்சம் கொஞ்சநேரம் மினுக்கி, மங்கி, பிறகு காணாமல் போனது.

உங்கள் வள்ளம் ஒரு தீவோரம் தரைதட்டிக் கிடந்தது. பின்பலகைக்குக் கீழே செருகிய பையில், முடிச்சு அவிழாமல், டார்ச் இருந்தது. நீங்கள் கிடைக்கவில்லை. அடக்க மையத்து இல்லாமலே தொழுதார்கள். பையைக் கொண்டுவந்து கொடுத்த தம்பியிடம், "உங்க அண்ணன் வெளக்கக் காட்டிக் கூப்புட்டாக. நீங்க பாத்துக்கிட்டு நின்னீக" என்றேன். அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவே இல்லை. உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மாதாமாதம் அரிசியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வராமலே போய்விடுவார். நானும் கூப்பிடவில்லை. அந்தக் கோபம்தான் என்னை எழுந்து நடமாட வைத்தது.

ஆனால் ஐப்பசி பிறந்து பொழுது மங்கினால் போதும், அந்த மினுக்கல் வந்துவிடும். அரிசி களையும் தண்ணீரில் வரும். சுவரில் வரும். ஓய்ந்துகொண்டே போகிற விளக்கை எங்களைப் பார்த்து நீங்கள் காட்டிக்கொண்டே இருப்பீர்கள். முதலில் தீர்ந்தது கட்டையா, நீங்களா என்று கேட்டுக்கொள்வேன். டார்ச்சைத் திறந்தால் ஒட்ட எரிந்து செத்த கட்டைகளைத் தொட வேண்டியிருக்குமே என்றுதான் இத்தனை வருஷம் தொடாமல் இருந்தேன்.

இன்று வேறு வழியில்லை. மூடியில் எண்ணெய் விட்டு, துணி சுற்றித் திருகினேன். சுருள்கம்பி துருவோடு பிய்ந்து வந்தது. மூடியைத் திறந்தால் கட்டையின் தட்டையான அடிப்பக்கம் தெரிய வேண்டும். வெள்ளைப் பூப்புக்கு நடுவே பித்தளைக் குமிழ் தெரிந்தது. பின்கட்டை திருப்பிப் போட்டபடியே இருந்தது.

முங்குகிற வள்ளத்திலும் விளக்கைக் காட்டி முடித்துவிட்டு, கட்டையைத் திருப்பிப் போட்டுப் பையில் முடிந்து வைத்திருப்பீர்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். உங்கள் கஞ்சத்தனத்தை அறிந்தவள் அப்படித்தான் நினைப்பாள். ஆனால் அவ்வளவு தூரம் நீங்களும் போகமாட்டீர்கள். நீங்கள் அந்த விளக்கை எரிக்கவே இல்லை மச்சான். இருட்டுவதற்கு முன்பே கடல் உங்களை எடுத்துவிட்டது. கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட உங்களுக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் கூப்பிட்டு, காத்திருந்து, நாங்கள் வராமல் போகவில்லை. நெஞ்சு வலிக்க அழுதேன். அதில் பாதி நிம்மதி.

உங்கள் தம்பிக்கு ஆள் விட்டேன். இத்தனை காலத்துக்குப் பிறகு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். தலை நரைத்துவிட்டது. டார்ச்சைக் கையில் கொடுத்தேன். உங்கள் பழக்கம் அவருக்கும் தெரியும். குமிழை விரலால் தடவினார்.

"அண்ணன் கூப்புடவே இல்ல தம்பி. இனியும் நீங்க மனசுல போட்டு வச்சுக்கிட வேணாம்" என்றேன். அவர் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தலை நிமிரவில்லை. "நாம் பாத்தது நெசம் மதினி. என்னையப் புடிச்சுக்கிட்ட நாலு பேரும் பாத்தாக. அப்ப, கூப்புட்டது யாரு?"

அது நீங்கள்தான் என்று அன்றைக்கே எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். அவிழாத முடிச்சைக்கூட யாரும் யோசிக்கவில்லை. கடலில் வேறு யாராவது இருந்தார்களா என்று ஊரில் ஒருவரும் விசாரிக்கவில்லை. தனுஷ்கோடிப் பக்கத்து ஆளோ, அக்கரை இலங்கை ஆளோ, யார் கண்டது. ஊற்றி வைத்த டீயைத் தொடாமல் தம்பி எழுந்து போனார்.

இனி அந்த மினுக்கல் வரும்போது அதற்குப் பின்னால் உங்கள் முகம் இருக்காது. வராமல் நின்றுவிடும் என்றும் தோன்றவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு உங்களுக்காக ஓத உட்கார்ந்தேன். ஓதி முடித்தும் எழ முடியாமல், அன்று விளக்கைக் காட்டிய அவருக்காகவும் ஓதினேன். பெயர் தெரியாததால் அவர் என்றுதான் சொல்ல முடிந்தது. எங்கோ ஒரு ஊரில் அவருக்கும் ஒருத்தி இருப்பாள். அவர் விளக்கைக் காட்டிக் கூப்பிட்டார் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.