பாதியிலேயே நிற்கும் முள்

அன்புள்ளவருக்கு,

கார் நன்றாகத்தான் ஓடுகிறது. அதை மட்டும்தானே கேட்டிருக்கிறீர்கள்.

வாரம் இரண்டு முறை உங்கள் அம்மாவைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். சிங்கப்பூர் கிளம்பிய அன்று டாங்க் நிறைய டீசல் ஊற்றி, "இது முடியறதுக்குள்ள வந்துடுவேன்லா, அம்மா" என்றீர்கள். அன்றிலிருந்து காரில் ஏறியதும் அவர் டீசல் முள்ளைத்தான் பார்ப்பார். "இன்னும் பாதி இருக்கே. சின்ன டீசல் காரு, கொஞ்சமாத்தான் குடிக்கும். வந்துடுவான்."

அவரை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அவருக்குத் தெரியாமல் ஊற்றிவந்தேன். ஏழு மாதமாக முள் பாதிக்குக் கீழே இறங்கவில்லை.

போன வாரம் முள்ளைப் பார்க்காமலே சொன்னார்:

"எந்தக் காரும் இவ்ளோ கம்மியா குடிக்காதும்மா."

இன்று அவர் பக்கத்தில் இருக்கும்போதே எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி, டாங்கை நிரப்பினேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி