பணிஸ் என்ற சொல்

அன்புள்ள அக்கா,

இன்று காலையும் பேக்கரியின் பாண் ஓட்டோ அதே மெட்டை இசைத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் மீன் அடைத்த பணிஸின் மணம் மேலே என் யன்னல் வரை ஏறியது. இறங்கிப் போய் ஒரு இறாத்தல் பாண் வாங்கினேன். "பணிஸ் எபாத, டீச்சர்?" என்று, வேண்டாமா எனச் சிங்களத்தில் கேட்டான் ஓட்டோக்காரன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அந்தச் சொல்லை நான் வாயால் சொல்லி ஏழு மாதமாகிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் நாய் ஜிம்மி குட்டியாக இருந்தபோது யார் கூப்பிட்டாலும் உருண்டு வருவான். எட்டு மாதமானதும் காது கேளாதவன் போலானான். உங்களுக்கு இனி மாதக் கணக்குத்தான் என்று டொக்டர் சொன்னதும் அதே நாட்களில்தான். கீழ் வீட்டில் தனியாக இருந்த நீங்கள் மேல் வீட்டில் இருந்த என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"மகன் கனடாவிலையிருந்து வந்து நாயைக் கொண்டுபோகமாட்டான். நான் இல்லாத நாளிலை இவன் உங்களிட்டை வரோணும், டீச்சர். கூப்பிட்ட உடனை வரோணும். கீழை ரயில் பாதை கிடக்கு."

முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் நின்றவளுக்கு ஒரு நாயைக் கூப்பிடத் தெரியாதா? கார் நிறுத்தும் இடத்தில் நின்று, "ஜிம்மி, இங்கே வா!" என்றேன். அவன் வாலை ஒடுக்கிக்கொண்டு மதிலோரம் போனான். நீங்கள் கதிரையில் இருந்தபடி சிரித்தீர்கள்.

"நீங்கள் நாயைக் கூப்பிடேல்லை, டீச்சர். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைக் கூப்பிடுறியள்."

"அப்ப எப்பிடி? கும்பிட்டுக் கூப்பிடவோ?"

"இஞ்சை வா எண்டு கூப்பிட்டு ஆருக்காவது ஒருநாள் இனிப்புக் குடுத்தனீங்களோ?"

யோசித்தேன். கொடுக்கவில்லை. என் வகுப்பில் "இங்கே வா" என்றால் அடிமட்டத்தால் அடிதான். ஜிம்மியையும் அப்படித்தான் கூப்பிட்டுக் குளிப்பாட்டினேன், சங்கிலி போட்டேன், செருப்பைக் கடித்ததற்கு ஏசினேன். அந்தச் சொல் பழுதாகிவிட்டது, ஏசுவதற்கு யாரும் சொல்லாத புதுச் சொல் வேண்டும் என்றீர்கள். அந்த நேரம் பார்த்துப் பாண் ஓட்டோ வந்தது. "பணிஸ்" என்று வைத்தோம்.

நீளக் கயிறு கட்டிப் பத்து அடியிலிருந்து தொடங்கினோம். ஒருமுறைதான் கூப்பிடலாம். வந்தால் ஒரு துண்டு பணிஸ் கொடுத்து, தடவி, உடனே திரும்ப விளையாட விட வேண்டும். வந்தால் விளையாட்டு முடிந்தது என்று அவன் நினைக்கக்கூடாது. "அவனுக்குப் பிடிக்காத வேலைக்குக் கூப்பிடாதேங்கோ. நாங்கள்தான் எழும்பிப் போகோணும்." அது உங்கள் சட்டம்.

கடற்கரையில் நான் "பணிஸ்!" என்று கத்த, நடக்க வந்த ஒருவர் நின்று, "மீன் பணிஸோ, சீனிப் பணிஸோ?" என்று கேட்டார். நீங்கள் இருமல் வரும்வரை சிரித்தீர்கள்.

மூன்று மாதத்தில், காகத்தின் பின்னால் பாய்ந்தவன்கூட அந்தச் சொல்லுக்குத் திரும்பினான். "இனிப் பயமில்லை" என்றீர்கள். அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்.

உங்களைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த காலை, ஜிம்மி அதைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தான். "டீச்சர், இவனை எங்கையாவது அடைச்சு விடுங்கோ, சனம் வருது" என்றான் கனடாவிலிருந்து வந்திருந்த உங்கள் மகன். நான் எழும்பிப் போய்ப் பிடித்திருக்கலாம். சனத்தை விலக்கிக்கொண்டு போக வெட்கப்பட்டு, குளியலறை வாசலில் வெறுங்கையோடு நின்று "பணிஸ்" என்றேன். எல்லாரையும் இடித்துக்கொண்டு வாலை ஆட்டியபடி ஓடி வந்தான். உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். உங்களைத் தூக்கும்வரை அதைப் பிறாண்டிக்கொண்டே இருந்தான். ஒருநாள்தானே என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பின்னேரம் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய் வழக்கம்போலக் கயிற்றைக் கழற்றினேன். காகம் ஒன்றைத் துரத்திக்கொண்டு தண்டவாளத்தின் மேல் ஏறினான். பம்பலப்பிட்டிப் பக்கம் ரயில் கூவியது. கூப்பிட்டேன்.

முன்பென்றால் பாதிப் பாய்ச்சலில் திரும்பியிருப்பான். அன்று தண்டவாளத்தின் நடுவே நின்று திரும்பி என்னைப் பார்த்தான். போவதா விடுவதா என்று யோசித்தான், அக்கா. அதற்குள் ரயில் வந்துவிட்டது. நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் காகத்தோடு மறுபக்கம் போயிருப்பான். அன்று என் கையில் பணிஸ் இருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை.

மகன் இதுவரை நாயைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்வேன்.

பின்னேரங்களில் ஒரு பிள்ளை என்னிடம் கணக்குப் படிக்க வருகிறாள். பிழை விட்டால், கொப்பியைக் கொண்டு இங்கே வா என்று நான் சொல்வதில்லை. கதிரையைப் பிடித்து எழும்பி அவளிடம் போகிறேன். முழங்கால் நோகிறது. போகிறேன்.